ஐந்தாவது மாடி மீன்தொட்டி

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு, சிட்டு எழுதுவது.

அம்மா நலம். நானும் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

அம்மாவின் வலது பக்கம் அப்படியேதான் கிடக்கிறது. பேச்சு பாதிதான் வருகிறது. திட்டு மட்டும் முழுசாக வருகிறது. பகலில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வதால் நான் ஸ்கேன் சென்டருக்குப் போய் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தம்மா அடுத்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்துவிட்டு மகனிடம் போகிறார். அதற்கப்புறம் அம்மாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று வந்திருக்கிறது. இதே ரிப்போர்ட் டைப்பிங்தான், சம்பளம் இரண்டு மடங்கு. ஆனால் இன்டர்வியூ முழுக்க மெசேஜிலேயே முடிந்துவிட்டது. ஒரு முகம் பார்க்கவில்லை, ஒரு குரல் கேட்கவில்லை. சான்றிதழ்களின் ஒரிஜினலை அனுப்ப வேண்டுமாம். லேப்டாப்புக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம். இங்கே ராஜினாமா கொடுத்ததற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டுமாம். எங்கள் எக்ஸ்ரே அண்ணன், "முகத்தைக் காட்டாதவன் எதுக்கும்மா உன் சர்டிபிகேட்டைக் கேக்கறான்? அந்த ஆபீஸை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கும் அதே உதறல்தான்.

அவர்கள் கொடுத்த விலாசம் உங்கள் ஊரில் இருக்கிறது. தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவீர்களா? போனில் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். இந்த வீட்டை வாங்கியதிலிருந்து என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது வரை, நீங்கள் பார்த்து எழுதிய பிறகுதானே நம் குடும்பத்தில் எதுவும் நடந்திருக்கிறது. "என் தம்பி கண்ணால பார்த்துக் கையால எழுதட்டும், அப்புறம் பேசு" என்கிறாள்.

இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் திரும்ப உட்கார முடியாது மாமா. வெளியே இந்த வேலைக்கு அவ்வளவு பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களால் போக முடியாவிட்டால் முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

வெயிலில் அலையாதீர்கள்.
சிட்டு

பிப்ரவரி 17

என் தங்க மருமகள் சிட்டுக்கு மாமாவின் ஆசி, வண்டி வண்டியாக.

இங்கே நான் இரும்புத் தூண் மாதிரி நிற்கிறேன். முட்டிவலியா? டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க முட்டிதானா, இல்ல ஓட்டப்பந்தயக்காரன் எவனோடதாவதா?" என்று கேட்டுவிட்டார். பீஸ்கூட வாங்கவில்லை.

நீ என்னைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. வேறு எவனாவது என்றால் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பான். நான் யார்? இந்த நகரத்தின் மிகப் பெரிய துணிக்கடையில் வாகனப் பிரிவுக்கே தலைமை. என் கை அசையாமல் இங்கே ஒரு பணக்காரனின் காரும் ஒரு அடி நகராது. முதலாளியிடம், "ஒரு நாள் நான் இல்லாம சமாளிச்சுக்குங்க" என்றேன். மனிதர் முகம் வெளுத்துப் போயிற்று. இருந்தாலும் தன் காரையே கொடுத்து அனுப்பினார்.

பார்த்தேன் சிட்டு! கட்டடமா அது? அண்ணாந்து பார்த்ததில் என் தொப்பி பின்னால் விழுந்துவிட்டது. ஐந்தாவது மாடி முழுக்க அவர்களுடையதுதான். லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. ஏறினது நான் ஒருத்தன், ஊர்வலமாகப் போன மாதிரி இருந்தது. கதவு திறந்ததும் ஒரு மீன்தொட்டி, நம் அக்கா படுத்திருக்கிற கட்டில் அளவு. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக்கண் மீன் ஒன்று. நல்ல கண் இருக்கிற பக்கத்தைத் திருப்பி, வருகிறவனை ஏற இறங்கப் பார்க்கிறது. அங்கே முதல் இன்டர்வியூவை அதுதான் எடுக்கிறது என்று நினைக்கிறேன். நான் பாஸ்.

நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், "யாரைப் பார்க்கணும் சார்?" என்றாள். "என் மருமக இங்க வேலைக்குச் சேரப் போறா. இடம் அவளுக்குத் தகுதியா இருக்கான்னு பார்க்க வந்தேன்" என்றேன். அவ்வளவுதான், மேனேஜரே செருப்பு மாட்டாமல் ஓடி வந்துவிட்டார். முகம் காட்டாதது ஏன் என்று நறுக்கென்று கேட்டேன். "காட்டினா எல்லாரும் சிபாரிசுக்கு வந்து நிக்கறாங்க சார்" என்றார். நியாயம்தானே? கணக்கு வழக்கையெல்லாம் மேகத்தில் வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் அவ்வளவு உயரத்தில் ஆபீஸ் பிடித்திருக்கிறார்கள். இந்த நுணுக்கமெல்லாம் உன் எக்ஸ்ரேக்காரனுக்கு எங்கே தெரியும்? அவன் எலும்பைப் பார்க்கிறவன், நான் ஆளைப் பார்க்கிறவன் என்று சொல்லி வை.

துணிந்து சேர். அக்காவிடம் சொல்: தம்பி கண்ணால் பார்த்தான், கையால் எழுதினான்.

உங்கள் இருவருக்கும் குடையாக இருக்கும்,
மாமா

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். உங்கள் முட்டியைப் பற்றி வாசித்ததும் அம்மா சிரித்தாள். வாதத்தில் விழுந்த பிறகு அவள் வாயின் இரண்டு ஓரமும் சேர்ந்து அசைந்ததை அன்றுதான் பார்த்தேன். "மீனு... மீனு..." என்று அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். கடிதம் இப்போது அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

எக்ஸ்ரே அண்ணனிடமும் காட்டினேன். "மாமா நேர்லயே பார்த்துட்டாரா? அப்ப சரி. நான்தான் பயந்தாங்கொள்ளி" என்றார். திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டேன். சான்றிதழ்களை அவர்கள் அனுப்பிய கூரியர் பையனிடம் கொடுத்தாயிற்று. முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி சரியாக இருந்தது. அவளே இடது கையால் கழற்றித் தந்தாள்.

சேரப் போகிறவர்களுக்கு என்று செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் போலவே தயங்கிக்கொண்டிருந்தார்கள். "நேரில் பார்த்தவர் எழுதியது" என்று உங்கள் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அன்றைக்கே நிறையப் பேர் பணம் கட்டினார்கள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், "உங்கள் மாமாவுக்கு என் வணக்கம்" என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

லேப்டாப் எப்போது வரும் என்று மட்டும் மேனேஜரிடம் கேட்டுச் சொல்லுங்கள். நன்றி என்று எழுதினால் அம்மா திட்டுவாள், அதனால் எழுதவில்லை.

சிட்டு

மார்ச் 21

சிட்டு ராணிக்கு,

மாமா சௌக்கியம். நேற்றுகூட மூன்று மாடி ஓடியே ஏறினேன், லிஃப்ட்காரன் தோற்றுப் போனான்.

என் கடிதத்தை ஊரே படிக்கிறதா? முன்னாலேயே சொல்லியிருந்தால் நல்ல பேனாவில் எழுதியிருப்பேனே! வாத்தியாருக்கு என் பதில் வணக்கத்தைச் சொல்லிவிடு. சின்ன வயதில் வாத்தியார்கள் எனக்குக் கொடுத்ததெல்லாம் வேறு. அதையெல்லாம் நான் மன்னித்துவிட்டதாகவும் சொல்.

லேப்டாப்பா? நானே கையில் தூக்கிப் பார்த்தேன், பஞ்சு மாதிரி இருக்கிறது. பெட்டியில் போட்டு உன் விலாசத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "மெதுவா ஒட்டுங்கப்பா, அவசரமில்ல" என்றேன். அவசரப்பட்டால் நம்மைக் கஷ்டத்தில் இருப்பவர்கள் என்று நினைத்துவிடுவார்கள், பார். வீட்டிலிருந்து வேலை செய்தாலும் உனக்கென்று அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், மரியாதைக்காக. உட்கார்ந்து பார்த்தேன். சுழல்கிறது.

அக்காவிடம் மீன் அவளை விசாரித்ததாகச் சொல்.

மாமா

ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம்.

லேப்டாப் வரவில்லை. அவர்கள் நம்பர் எதுவும் வேலை செய்யவில்லை. அந்தக் குழுவையும் காணோம். அதிலிருந்த சிலருடைய நம்பரை நான் தனியாக எழுதி வைத்திருந்தேன், அவர்கள் எனக்குப் போன் செய்து, "உங்க மாமா பார்த்தாரு இல்ல?" என்று கேட்கிறார்கள்.

தையல்காரம்மா போய்விட்டார். ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கேட்டேன். என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் வைத்துவிட்டு வந்த பேனா ஸ்டாண்டைக்கூட அவள் நகர்த்தியிருக்கவில்லை.

மாமா, நீங்கள் மேனேஜரைத் தெரிந்தவர். நேராக மாடி ஏறிப் போய் என் சான்றிதழ்களையாவது வாங்கி அனுப்புங்கள். அது இல்லாமல் எங்கே போனாலும் டைப்பிங் வேலை கேட்க முடியாது. பகலில் அம்மாவைப் பூட்டிவிட்டுப் போகிற மாதிரி வேலைதான் கிடைக்கும். இன்றே போங்கள். உடனே எழுதுங்கள்.

சிட்டு

மே 28

அருமை மருமகளுக்கு,

மாமா அமோகம். பதில் தாமதமானதற்குக் காரணம் என் செல்வாக்குதான். கடையில் தள்ளுபடி விற்பனை. ஊரிலிருக்கும் காரெல்லாம் என்னைத்தான் தேடி வந்தது.

நீ இவ்வளவு பதறலாமா? நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஐந்தாவது மாடிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாடையில் போன் எப்படிப் பேசுவார்கள்? மீனைக்கூட நான்காவது மாடிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். மேனேஜர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது உன் சான்றிதழ்களை இரும்புப் பெட்டியில் வைத்து, சாவியை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள், எவ்வளவு பொறுப்பு! உன் மார்க்கைப் பார்த்து, "இவ்வளவு படிச்ச பொண்ணா?" என்று அசந்துவிட்டாராம். "எங்க ரத்தம்" என்றேன்.

பொறுமையாக இரு. அக்காவின் வலது கையை நல்லெண்ணத்தோடு தடவிவிடு, மருந்தைவிட அதுதான் கேட்கும். அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று எழுது.

மாமா

ஜூன் 30

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

பெயிண்ட் அடிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு அது போதவில்லை. லிஃப்ட், தொட்டி, நீலக் கோட்டு என்று முழுசாக இன்னொரு தடவை எழுதுங்கள். உங்கள் உத்தியோகத்தைப் பற்றியும் எழுதுங்கள்.

பணம் கட்டியவர்கள் உங்கள் விலாசம் கேட்டார்கள், கொடுத்தேன். மேனேஜருக்கு நெருக்கமானவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லியிருக்கிறேன். வருவார்கள்.

சிட்டு

ஜூலை 22

சிட்டுக்கு,

மாமா நன்றாகவே இருக்கிறேன். முன்னைவிடச் சாப்பாடு மென்மையாகச் சாப்பிடுகிறேன், அது உடம்புக்கு நல்லதுதானே.

நீ அனுப்பிய விருந்தாளிகள் வந்தார்கள். என்னைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது என்று தெருவே மூக்கில் விரல் வைத்தது. அந்த வாத்தியார் வந்தார். என் கடிதத்தைப் பெரிதாக நகல் எடுத்து வைத்திருக்கிறார். என் முன்னாலேயே சத்தமாக வாசித்துக் காட்டினார், ஒரு கமா விடவில்லை. நடுநடுவே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, பாவம்.

ஒரு மெக்கானிக் வந்தான். அன்பான பையன், என் காலரைப் பிடித்தவன் விடவே இல்லை. "வாங்க பெரியவரே, அஞ்சாவது மாடியைக் காட்டுங்க" என்றான். "எனக்கு டியூட்டி இருக்குப்பா" என்றேன். "மீனையாவது காட்டுய்யா!" என்றான். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த என் பல் ஒன்று, அந்தப் பேச்சுக்கு நடுவில் தானாகவே விடைபெற்றுவிட்டது. பல் டாக்டருக்கான செலவு மிச்சம்.

ஒரு கைக்குழந்தைக்காரியும் வந்தாள். என் அறை வாசற்படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். என் வாசலில் காற்று நன்றாக வரும், அதனால்தான்.

அக்காவுக்கு: மீன் மறுபடியும் ஐந்தாவது மாடிக்கு வந்துவிட்டது. புதுப் பெயிண்ட் பச்சை. பச்சைக்கு எதிரில் ஆரஞ்சு ரொம்ப எடுப்பாக இருக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடியில் போய் நின்றுகொண்டு, ஒரே கண்ணால் வாசலையே பார்க்கிறது.

மாமா

ஆகஸ்ட் 9

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம்.

பாலத்தைக் கேட்டு அம்மா சிரித்தாள். இன்னும் எழுதுங்கள். மீன் எதைப் பார்க்கிறது என்று எழுதுங்கள்.

சிட்டு

செப்டம்பர் 20

என் சிட்டுக்கு,

மாமா சுகம். இப்போது ஓய்வில் இருக்கிறேன். உன் விருந்தாளிகள் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்களின் கார்களுக்கு நடுவில் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே ஆரவாரம். இவ்வளவு புகழ் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டால் தன்னை யார் மதிப்பார்கள் என்று முதலாளிக்குப் பொறாமை. பதவியை அவர் முகத்திலேயே வீசிவிட்டு வந்தேன். அறையிலும் காற்றோட்டம் போதவில்லை, விட்டுவிட்டேன். கடிதத்தை முனை டீக்கடை விலாசத்துக்குப் போடு. டீக்கடைக்காரர் எனக்குச் செயலாளர் மாதிரி. இரவில் அவருடைய பெஞ்சை எனக்கே ஒதுக்கியிருக்கிறார்.

மீன் எதைப் பார்க்கிறது என்று அக்கா கேட்டாளா? அவள் எப்போது வருவாள் என்றுதான்.

யோசித்துப் பார்த்தேன். நீயும் தனியாகக் கஷ்டப்படுகிறாய். நான் அங்கே வந்துவிட்டால் என்ன? எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள், ஆனால் அக்காவுக்கு முன்னால் அவர்கள் யார்? பகலில் நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் கொடுப்பேன், கதை சொல்வேன். என்னை அவள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு போர்வை விரித்தால் போதும். பெரிய மெத்தையெல்லாம் வாங்கிவிடாதே.

நீ சரி என்று எழுதினால் மறுநாளே கிளம்பிவிடுவேன்.

மாமா

அக்டோபர் 14

மாமாவுக்கு,

நான் நலம்.

இந்த இடத்தில் வழக்கமாக இருக்கும் இன்னொரு வரியைத் தேடுவீர்கள். அம்மா போய்விட்டாள். மே மாதமே போய்விட்டாள், உங்கள் பெயிண்ட் கடிதம் வருவதற்கு முன்னால். அதற்கப்புறம் நீங்கள் எழுதியது எதையும் அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் இல்லாமல் எனக்கு ஒரு லாண்டரியில் வேலை கிடைத்தது, ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம். காலையில் அம்மாவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீரை வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவேன். ஒரு சாயங்காலம் திறந்தபோது கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். எதை எடுக்க எட்டினாள் என்று தெரியவில்லை. டாக்டர், "மத்தியானமே விழுந்திருப்பாங்க" என்றார். "அப்பவே யாராவது பார்த்திருந்தா..." என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இறுதிச் சடங்குக்கு எக்ஸ்ரே அண்ணனும் அவர் மனைவியும் என்னோடு துணி துவைக்கிற இரண்டு பேரும் வந்தார்கள். வேறு யாரும் வரவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஏப்ரல் கடைசியில் உங்கள் ஊருக்கு வந்தேன் மாமா. எக்ஸ்ரே அண்ணன் மனைவி ஒரு நாள் அம்மாவோடு இருந்தார். அந்தத் தெருவில் நான் தேடிய எண்ணே கிடையாது. கடைசி வீட்டுக்கு அப்புறம் ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் லாரி கழுவுகிறார்கள். உங்களைப் பார்க்கத் துணிக்கடைக்கு வந்தேன். வாயில் விசில், தலையில் தொப்பி. வெயிலில் நின்று கார்களுக்குக் கை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவன் கண்ணாடியை இறக்கி உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நீங்கள் அவனுக்குச் சல்யூட் அடித்தீர்கள். உங்களைத் தாண்டித்தான் கடைக்குள்ளே போனேன், நீங்கள் கவனிக்கவில்லை. லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி இருந்தது. நீலக் கோட்டுப் பெண் இருந்தாள். மீன் இருந்தது, ஒற்றைக்கண்ணோடு. ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றேன்.

பிப்ரவரியில் நான் கேட்டபோது உங்களுக்கு லீவு கொடுத்திருக்க மாட்டார்கள். அதை எழுதியிருக்கலாம். ஒரு வரி. நான் கேட்டதும் அதைத்தான்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. மேனேஜர் செருப்பு மாட்டாமல் ஓடி வந்தார் என்று நம்பிக்கொண்டேதான் போனாள்.

இல்லாத மாடியை நீங்கள் கட்டி, அதில் எனக்கு ஒரு நாற்காலியும் போட்டீர்கள். இல்லாத அம்மாவை நான் உங்களுக்காகச் சிரிக்க வைத்தேன். உங்கள் அளவுக்கு எனக்கு வர்ணிக்க வராது, இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டேன். ஆனாலும் நீங்கள் நம்பினீர்கள்.

வர வேண்டாம். கட்டிலை விற்றுவிட்டேன்.

சிட்டு

நவம்பர் 5

சிட்டுக்கு,

மாமா நலம்.

கடிதம் கிடைத்தது. நீளமான கடிதம் என்றால் டீக்கடைக்காரரை வாசிக்கச் சொல்வேன். இதை நானே வாசித்தேன்.

நீ ஏதோ நான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் வந்திருந்தேன். முதலாளி தன் காரையே கொடுத்தார். தெருவுக்குள் நுழைய முடியவில்லை, முனை வரைக்கும் வரிசையாகக் கார்கள். அக்காவுக்கு அவ்வளவு பேர். நீ அழுதுகொண்டிருந்ததால் நாலு பேர்தான் உன் கண்ணில் பட்டிருக்கிறார்கள். நான்தான் இறங்கி ஒழுங்குபடுத்தினேன். கை அசைத்தேன், ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் உள்ளே வர நேரமாகிவிட்டது.

பின்னால் நின்று பார்த்தேன். அக்காவின் வாய் இரண்டு ஓரமும் நேராக இருந்தது. வலது கை நன்றாக மடங்கி நெஞ்சின் மேல் இருந்தது. கழுத்தில் சங்கிலி இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருத்தர், "இவ்வளவு கூட்டமா! யாரோட அக்கா இவங்க?" என்று கேட்டார். "என்னோட அக்கா" என்றேன். நகர்ந்து எனக்கு முன்னால் இடம் கொடுத்தார்கள்.

நீ களைத்திருந்தாய். அதனால் உன்னிடம் பேசாமல் திரும்பிவிட்டேன்.

எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. தேதி ஒன்றுதான் நினைவில் நிற்கவில்லை. மே மாதம் என்று எழுதியிருக்கிறாய். எந்த நாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. யாராவது கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

டீக்கடை விலாசத்துக்கே போடலாம்.

மாமா